வலப்பக்கத்திலிருந்து ஏழு படங்கள்

என் அக்காவின் கணவருக்குத் தொழிற்சாலையில் 'ஊமைப்படம்' என்று பெயர். அவர் வரையும் படங்களில்தான் பேச்சு கிடையாது. அவர் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்காது. அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் ஆறேழு மொழிக்காரர்கள் வேலை பார்த்தார்கள். எழுதி ஒட்டினால் பாதிப் பேருக்குப் புரியாது. அதனால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மேலே அத்தான் வரைந்த பலகை தொங்கும். வரிசையாக நான்கு கட்டங்கள், ஓர் எழுத்துகூட இருக்காது.

நான் அங்கே ஸ்டோர் கீப்பர். பெயின்ட் டப்பா என் கையிலிருந்துதான் போகும். "கட்டத்துக்கு ஒண்ணு, ரெண்டுன்னு எண் போடுங்களேன் அத்தான். இல்ல ஒரு அம்புக்குறியாவது போடுங்க" என்று ஒருமுறை சொன்னேன்.

"எண்ணைப் பார்த்துத்தான் புரியணும்னா நான் எதுக்கு மாப்ள? ஒரு கணக்கு வாத்தியார் போதுமே" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கையில் எடுத்த சிவப்பு பெயின்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த டப்பா இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பசை உருளைகளைத் துடைப்பதற்கான பலகைதான் அவருக்குப் பெருமை. முதல் கட்டத்தில் ஒரு கை சுவிட்சை அணைக்கும். இரண்டாவதில் சுவிட்சுக்குப் பூட்டு. மூன்றாவதில் துணி பிடித்த கை உருளைகளைத் துடைக்கும். நான்காவதில் பூட்டைக் காணோம். கை சுவிட்சைப் போடும். எட்டு வருடம் யாருக்கும் ஒரு நகம்கூடப் பெயரவில்லை.

பிறகு புதிதாக நான்கு பேர் வந்தார்கள். ஒரே ஊர், ஒரே மொழி. மூவரைப் பெட்டி கட்டப் போட்டார்கள். நாங்கள் நெட்டையன் என்று கூப்பிட்ட நான்காமவனை உருளைக்குப் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை அவன் பலகையை நிதானமாகப் பார்த்தான். சுவிட்சைப் போட்டான். ஓடுகிற உருளைகளுக்கு நடுவே துணியோடு கையை விட்டான். நாங்கள் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் தோள்வரை போயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

"கண்ணு முன்னாடி படம் தொங்குது. அதைப் பார்க்காம கைய விட்டா யாரு என்ன செய்ய முடியும்?" என்றார் மேனேஜர். அத்தானும் இரண்டு நாள் எல்லோரிடமும் ஓயாமல் அதையேதான் சொன்னார்.

அதற்கும் அடுத்த நாள் நெட்டையனின் கூட்டாளி ஒருவன் அத்தானைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பலகை முன்னால் நிறுத்தினான். வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தான். அங்கிருந்து இடப்பக்கமாக நகர்த்தினான். சுவிட்சைப் போடு. துடை. பூட்டு. அணை. அவர்கள் எழுத்து வலமிருந்து இடமாகப் போகும் எழுத்து. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை. நெட்டையன் படத்தைப் பார்க்காமல் சாகவில்லை. பார்த்து, அதன்படி செய்துதான் செத்தான்.

அத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து மேனேஜரிடம் போய்ச் சொன்னார்.

"உனக்கென்ன பைத்தியமா? வெளிய தெரிஞ்சா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். வாய மூடிட்டு இரு."

அன்று சாயங்காலமே அந்த மூன்று பேரையும் தூரத்துக் கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை நெட்டையனின் மனைவி வந்து சேர்ந்தாள். கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்று கடிதம் தயாராக இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மொழிபெயர்க்க வந்தவர் ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட். மேனேஜர் சொல்லாத எதுவும் அவர் வாயிலிருந்து வராது.

"புருஷன் அசட்டையா இருந்து செத்தான்னே அந்தப் பொண்ணு காலம்பூரா நினைச்சிட்டிருக்கும் மாப்ள" என்றார் அத்தான். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். என்னிடம் பழுப்புத் தாள் ஒரு நீளம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இந்த முறை வலப்பக்க ஓரத்தில் ஆரம்பித்தார். நெட்டையன் தோளில் பையோடு சிரித்தபடி கேட்டுக்குள் நுழைகிறான். பலகை முன்னால் நின்று கண்ணை அகலத் திறந்து பார்க்கிறான். அவன் விரல் வலமிருந்து நகர்கிறது. கை சுவிட்சில். அடுத்த கட்டம் முழுக்கக் கறுப்பு. ஆறாவதில் அத்தான் அதே பலகையை இடப்பக்கத்திலிருந்து வரைந்துகொண்டிருக்கிறார். ஏழாவதில் அத்தான் மட்டும் நிற்கிறார், விரல் தன் நெஞ்சைத் தொட்டபடி.

சாயங்காலம் மேனேஜர் அறைக்குள் நானும் அத்தானும் போனபோது அவள் கையில் பேனா இருந்தது. "உன்னை யாரு கூப்பிட்டா?" என்று மேனேஜர் எழுந்தார். அத்தான் காதில் வாங்காமல் தாளை அவள் முன்னால் விரித்தார்.

அவள் விரல் தானாகவே வலப்பக்கம் போயிற்று. முதல் படத்தில் நெடுநேரம் நின்றது. கறுப்புக் கட்டத்தைத் தொடாமல் தாண்டியது. ஏழாவதுக்கு வந்ததும் நிமிர்ந்து அத்தானின் முகத்தைப் பார்த்தாள். ஏஜென்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்தினாள். பேனாவை வைத்துவிட்டுக் கடிதத்தை மேனேஜர் பக்கம் தள்ளினாள்.

அவள் அத்தானை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம், அவர் தாங்கியிருப்பார். அவள் முதல் படத்தை மட்டும் மடித்துக் கோடு பார்த்து நிதானமாகக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மீதியைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அத்தானுக்கு வேலை போயிற்று. அந்தச் சுருள் வீட்டில் பீரோ மேல் இருக்கிறது. எங்காவது எடுத்துப் போடுங்கள் என்று அக்கா சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார். எப்போதாவது இறக்கி விரித்துப் பார்ப்பார். நெட்டையன் சிரித்துக்கொண்டு வரும் படம் அதில் இல்லை. அவன் பலகையைப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்குகிறது.