சூர்யகலா மறைத்து வைத்த சீட்டு

மரக்காணம் உப்பளத்தில் பன்னிரண்டு வருஷம் உப்பு வாரியவள் சூர்யகலா. பக்கத்து அனுமந்தை மீனவர் குப்பத்துக்காரி. போன வருஷம் அவளையும் கூட உப்பு வாரிய லூர்துமேரியையும் பாக்கெட் போடும் ஷெட்டுக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசர் சிவப்பிரகாசம் முதல் நாளே எல்லார் முன்னாலும் மூக்கைப் பொத்தினான்.

"மீன் நாத்தம். உள்ள வர்றப்பல்லாம் முழங்கை வரைக்கும் கிருமி சோப்பு போட்டுக் கழுவணும்."

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழுவினார்கள். இரண்டே மாதத்தில் சூர்யகலாவின் விரலிடுக்குகள் வெடித்துச் சீழ் வைத்தன.

"புண்ணு கையோட இங்க நிக்காத, உப்புப் பாத்திக்கே போ" என்று துரத்தினான். அன்று உப்புத்தண்ணீர் பட்டுக் கை எரிந்த எரிச்சலில் வாரியைப் போட்டுவிட்டு அழுதாள். அழுது முடித்தபோது ஒரு முடிவோடு எழுந்தாள்.

தோல் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோல்மேல நல்ல பாக்டீரியா கோடிக்கணக்குல இருக்குதும்மா. கெட்டதை அண்ட விடாம பாத்துக்கறதுல அதுக்கும் பங்கு இருக்குது. தோல் லேசா புளிப்பா இருந்தாதான் அதுங்க நல்லா இருக்கும். இந்த சோப்பு காரம். எண்ணெய்ப் பசையை உரிச்சிடுது, நல்லதுங்களையும் குறைச்சிடுது. வெடிச்ச எடத்துல கெட்டது பூந்துடுது."

"யாரு கையா இருந்தாலும் இப்படித்தானா?"

"இவ்ளோ தடவை கழுவுனா, நெறைய பேருக்கு இப்படித்தான் ஆவும்."

தடவக் களிம்பு கொடுத்து, மென்மையான சோப்பே போதும் என்று ஒரு சீட்டும் எழுதித் தந்தார். சூர்யகலா சீட்டைப் புடவை மடிப்புக்குள் ஒளித்து வைத்தாள்.

கை ஆறி ஷெட்டுக்குத் திரும்பியதும் முதலாளி கண்ணாயிரத்திடம் போனாள். "ரூல் நல்ல ரூல்தாங்க. சூப்பர்வைசர்தான் கழுவாம உள்ள வர்றாரு."

அன்றிலிருந்து சிவப்பிரகாசமும் கழுவ வேண்டியதாயிற்று. போன் பேசவென்று நாளைக்கு இருபது தடவை வெளியே போய் வருகிறவன். ஒவ்வொரு தடவையும் குழாயடியில் நின்று, "சார், கை" என்பாள்.

ஒன்றரை மாதத்தில் அவனால் பேனா பிடிக்க முடியவில்லை.

"எரியுதுங்களா சார்?"

அவன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவள் மனம் குளிர்ந்தது. மறுநாள்தான் சீட்டை முதலாளியிடம் கொடுத்தாள். சோப்பு மாறியது.

சீட்டிலிருந்த தேதியைப் பார்த்த லூர்துமேரி தன் வெடித்த கைகளை நீட்டினாள். "சீட்டு முன்னாடியே இருந்துச்சா? நீ மட்டும் வீட்ல களிம்பு தடவிக்கினு, எங்களை வேக விட்டியா?"

இப்போதும் லூர்துமேரி தனியாகத்தான் சாப்பிடுகிறாள். "அவ கைக்காக வருத்தம்தான். அவன் கைக்கு இல்ல" என்கிறாள் சூர்யகலா.