இடது கைப் பச்சை வளையல்

வலிக்காதா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஊசியால் குத்தினால் வலிக்காமல் இனிக்குமா? வலிக்கும். மணிக்கட்டுக்கு உள்பக்கம் குத்தினால் உயிர் போய் உயிர் வரும். அப்புறம் கை வீங்கும், காய்ச்சலும் அடிக்கும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஆனால் பொருக்கு உதிர்ந்து அடியிலிருந்து பச்சை தலைகாட்டும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காக நான் எத்தனை தரம் வேண்டுமானாலும் கையை நீட்டுவேன். நீட்டியும் இருக்கிறேன்.

பாகூர் ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பத்தில் பிறந்து, அதே ஏரியின் மறு பக்கத்தில் அதே மாதிரிக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். எங்களில் பெண் என்றால் கல்யாணத்துக்கு முன்னால் முன்கையில் ஒரு கோலம் குத்துவார்கள், அத்தோடு சரி. எனக்கு அத்தோடு சரியாகவில்லை. கோலத்துக்குப் பக்கத்தில் ஒரு தேள் வேண்டும் என்றேன். தேளுக்கு மேலே மயில். மயில் வந்ததும் மறு கை மூளியாக இருக்கிறதே என்று பட்டது. வில்லியனூர்த் தேருக்குப் போனால் ஊரே தேரைப் பார்க்கும், நான் பெண்களின் கைகளைப் பார்ப்பேன். நல்லவாட்டிலிருந்து கருவாடு கொண்டுவருகிறவள் கையில் வாலோடு வால் பின்னிய இரட்டை மீன் இருந்தது. கருவாடு வாங்குகிற சாக்கில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே நிற்பேன். கையை விடு தாயே, வேண்டுமானால் கருவாட்டைப் பிடித்துக்கொள் என்று அவள் ஒரு நாள் சொல்லியே விட்டாள். அடுத்த முறை பச்சை குத்துகிற குறத்தி வந்தபோது அந்த மீன் என் வலது கைக்கு வந்துவிட்டது.

குத்திக்கொண்டதைவிட, குத்திக்கொள்ளப் போவதை நினைத்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். அடுப்பங்கரையில் கரித்துண்டை எடுத்துக் கையில் வரைந்து பார்ப்பேன். மான் இங்கே நின்றால் கொம்பு எங்கே போகும், தாமரையை முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தால் கை மடக்கும்போது வாடுமா என்றெல்லாம் யோசிப்பேன். உலையில் அரிசி குழைந்துவிடும். மாமியார் எட்டிப் பார்த்து, இது உடம்பா இல்லை கோயில் மதிலா என்று கேட்டுவிட்டுப் போவார். என் புருஷன் மட்டும் அந்தக் கரிக்கோட்டைக் கண்டால் உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்பார். இந்த மான் ஆடு மாதிரி இருக்கிறதே என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனாலும் குறத்தி குத்தும்போது என் மறு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளை எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான்.

எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் சீமை. குறத்தி இங்கிலீஷ்காரன் சீமையிலிருந்து கரையாம்புத்தூர் வழியாக எல்லை தாண்டி வருவாள். தை அறுவடை முடிந்து ஒரு தரம், ஆடியில் ஒரு தரம். சுங்கச்சாவடியில் அவள் கூடையைக் குடைந்து பார்ப்பார்கள். உள்ளே சேர்த்துக் கட்டின மூன்று ஊசியும், மை குழைக்கிற கொட்டாங்குச்சியும், பாசிமணியும்தான் இருக்கும். அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கல்யாணமானவள் என்றால், குத்துவதற்கு முன்னால் புருஷன் நன்றாக இருக்கிறாரா என்று வாய்விட்டுக் கேட்பாள். நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு நம் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். புருஷன் வீட்டு விளக்கில் படிந்த கரியைத்தான் சுரண்டி எடுத்து, கரிசலாங்கண்ணிச் சாற்றில் குழைப்பாள். வேறு கரி ஆகாது. தாலியறுத்தவள் கையில் ஊசி பட்டால் குத்தினவளுடைய தாலியும் தங்காது என்பது அவர்கள் சாதியின் நம்பிக்கை. கூலியைக் குறைத்துக் கொடுத்தால்கூட வாங்கிக்கொள்வாள், அந்தக் கேள்வியை மட்டும் விடமாட்டாள்.

கல்யாணமான மறு வருஷம் என் புருஷன் சைகோனுக்குக் கப்பல் ஏறினார். துறைமுகத்தில் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் காவல் வேலை. அதுவும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்தான், எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போனவர்கள் உண்டு, வீடு கட்டினவர்களும் உண்டு. ஒரே ஒரு முறை விடுப்பில் வந்தார். என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தான் இல்லாதபோது சேர்ந்தது எது எது என்று கேட்டார். தொட்டில் எங்கே என்றும் கேட்டார். பிள்ளை பிறந்தால் இடது மேல்கையில் தொட்டில் குத்திக்கொள்ளலாம் என்று அந்த இடத்தை நான் காலியாக வைத்திருந்தேன். அந்த இடம் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது.

அவர் திரும்பிப் போன பிறகு சண்டை வந்தது. பிரான்சு தோற்றுவிட்டது என்றார்கள். ஜப்பான்காரன் சைகோனில் இறங்கிவிட்டான் என்றார்கள். கப்பல் நின்றது, கடுதாசி நின்றது. பாகூர் மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரனுடைய ஊராட்சி அலுவலகத்தில், போய் மாமனார் கேட்டுவிட்டு வருவார். சேதி ஒன்றும் இல்லை என்பதைத் தவிர அங்கே வேறு பேச்சில்லை. மாமனாரும் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். கேட்க ஆளில்லாமல் போயிற்று.

அந்த வருஷங்களில் நான் பச்சை குத்திக்கொண்டதெல்லாம் ஆசைக்கு இல்லை. குறத்தி என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பாள், நான் இருக்கிறார் என்று சொல்வேன், அவள் என் தாலியைக் கண்ணில் ஒற்றுவாள், ஊசியை எடுப்பாள். அவள் ஊசியை எடுத்துவிட்டால் அவர் இருக்கிறார் என்று அர்த்தம். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் இருக்கிறார் என்று நான் சொல்லி அதை நம்புகிறதற்கு உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். என்ன படம் வேண்டும் என்று கேட்டால் எதையாவது போடு என்பேன். கிணறு போட்டாள், நாகம் போட்டாள், சும்மா புள்ளி புள்ளியாகக்கூடப் போட்டாள். படத்தைத் தேடித் தேடி அலைந்தவள் இப்படி ஆனேன்.

ஊர் வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்தது. வாய்திறந்து யாரும் சொல்லவில்லை. வளைகாப்புக்குப் போனால் சந்தனக் கிண்ணம் எனக்கு முன்னால் இருந்தவள் வரைக்கும் வந்து, எனக்குப் பின்னால் இருந்தவளிடம் தாவும். நலங்கு வைக்கிறபோது என் பேரைக் கூப்பிட மறந்துபோவார்கள். எத்தனை மறதி பாருங்கள் எங்கள் ஊருக்கு! ஒரு கல்யாண வீட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்து, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் ஒரு வீம்பு வந்தது. கண்ணாடி வளையல் என்றால்தானே உடைப்பீர்கள்? மணிக்கட்டைச் சுற்றி வளையலாகவே குத்திக்கொள்கிறேன், வந்து உடையுங்கள் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். இரண்டு கையிலும் அடுக்கு வளையல். கரித்துண்டை எடுத்து வரைந்து பார்த்தேன். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கோடு நேராக வருகிறதா என்று கவனித்தேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று சேதி வந்த சமயம், ஆடியில் குறத்தி வந்தாள். அந்தத் தடவை அவள் உடனே உட்காரவில்லை. ஊருக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அவள் காதிலும் விழுந்திருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் ஒரு ஆளு இருக்கறான்மா. பாத்துச் சொல்லு" என்றாள்.

"இருக்கார். எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"நீ சொன்னா சரி. நீதான பொண்டாட்டி" என்று உட்கார்ந்தாள்.

இடது கையில் மட்டும் அன்றைக்குக் குத்தினாள். சுற்றிலும் குத்தினதில் கை தாம்புக்கயிறு கட்டினது போலக் கனத்தது. இரண்டு கையும் ஒன்றாக வீங்கினால் சோறு அள்ள முடியாது, வலது கையை அறுவடை முடிந்து தையில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பொருக்கு உதிர்ந்தபோது மூன்று அடுக்கு வளையல், நடுவில் நெல்மணி மாதிரிப் புள்ளி. அவள் குத்தினதிலேயே நல்லது அதுதான். நான் அந்தக் கையைத் தெருவில் வீசிக்கொண்டு நடந்தேன்.

தையில் குறத்தி வரவில்லை. கப்பல்தான் வந்தது. சைகோனிலிருந்து திரும்பின ஒருவர், கரையாம்புத்தூர்க்காரர், மாசியில் ஒரு நாள் எங்கள் வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. துறைமுகத்தில் குண்டு விழுந்ததாம், கிட்டங்கி எரிந்துபோனதாம், என் புருஷன் உள்ளே இருந்தாராம். எப்போது என்று மாமியார் கேட்டார். சண்டைக்கு நடுவில், போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார். மாதம் அவருக்கு ஞாபகமில்லை.

அப்போ கிணறு? நாகம்? அந்தப் புள்ளிகள்? மற்றவர்கள் அழுதுகொண்டிருக்க, நான் முன்கையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இதில் எது வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தி, அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றாள். பேதலித்திருந்தால் எவ்வளவோ தேவலை.

செய்ய வேண்டியதைச் செய்தார்கள். பூவை எடுத்தார்கள், பொட்டை அழித்தார்கள், வலது கை வளையலைத் தட்டி உடைத்தார்கள். இடது கைக் கண்ணாடி வளையலும் உடைந்தது, அதற்குக் கீழே மற்றது இருந்தது. உடைக்க வந்த கிழவி அதைக் கட்டைவிரலால் தேய்த்தாள். புளியும் சாம்பலும் கொண்டுவரச் சொல்லித் தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர ஒன்றும் போகவில்லை. வந்து உடையுங்கள் என்று வீம்பு பேசினவள் அங்கே உட்கார்ந்து, எப்படியாவது அழித்துத் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் மாமியார்தான் அந்தக் கிழவியின் கையைத் தள்ளிவிட்டு, தன் புடவைத் தலைப்பில் ஒரு முழம் கிழித்து என் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினார். பிள்ளையை இழந்தவர் அவர்.

செத்த நாள் தெரியாததால் திதி எப்போது கொடுப்பது என்று ஐயரைக் கேட்டார்கள். நாள் தெரியாவிட்டால், சேதி காதில் விழுந்த நாளையே இறந்த நாளாக வைத்துக்கொள்வது வழக்கம் என்று அவர் சொன்னார். ஆக, சாஸ்திரப்படி என் புருஷன் மாசியில்தான் செத்தார்.

பங்குனியில் குறத்தி வந்தாள். கூடை இல்லை. கழுத்தில் பாசிமணி இல்லை. வேலி ஓரமாகவே நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துபோயிற்று. ஐப்பசி மழையில் அவள் ஆளுக்குக் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாளே முடிந்துவிட்டதாம். இனி சுமங்கலி எவளும் அவளுக்குக் கை நீட்டமாட்டாள். ஊசியைத் தம்பி பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

எனக்குள் எங்கிருந்தோ அந்தப் பாழாய்ப்போன வெறி வந்தது. மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு வலது கையை நீட்டினேன். ஊசி இல்லாவிட்டால் என்ன, வீட்டில் தையல் ஊசி இருக்கிறது, விளக்கில் கரி இருக்கிறது, இனிமேல் உனக்கும் பயமில்லை எனக்கும் பயமில்லை, இந்தக் கையையும் போட்டு முடித்துவிடு என்றேன். அவள் என் கையைத் தொடவில்லை.

"உங்க ஆளு எப்ப செத்தாரு?" என்றாள்.

அதைக் கேட்கத்தான் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறாள். கரையாம்புத்தூர்க்காரர் சொன்னதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஐயர் சொன்னது ஒன்று இருந்ததே, அதைச் சொன்னேன்.

"மாசியில."

அவள் விரலை மடக்கினாள். ஆடி, ஐப்பசி, மாசி. மறுபடியும் மடக்கிப் பார்த்தாள்.

"அப்ப நான் குத்தறப்ப அவரு இருந்தாரு."

"இருந்தார்."

"என் ஊசியால இல்ல."

"இல்ல. உன் ஊசியால இல்ல" என்றேன். அவள் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். அந்தப் பொய்யை அதற்காகத்தானே சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை. தெரிந்த ஒரே காரணமும் கையை விட்டுப் போனவளாக நின்றாள்.

"அப்ப எங்காளு இன்னாத்துக்குச் செத்தான்?" என்று கேட்டாள்.

என்னிடம் வந்து கேட்கிறாள். பதில் தெரிந்திருந்தால் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேனா?