நான் வீசிய மீனும் சகலைக்குப் போன பேரும்

சொன்னால் சிரிப்பீர்கள்... ஒரு மீனால் ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை!

(முள் எதுவும் சிக்கவில்லை. சகலையின் பேர்தான் தொண்டையில் சிக்கியிருக்கிறது.)

விஷயம் இதுதான். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் மரவள்ளிக் காட்டை ஒட்டி ஓர் ஓடை போகிறது. பத்து நாளைக்கு முன்பு அதில் நான் வைத்த மூங்கில் கூடைக்குள் ஒரு மீன் கிடந்தது.

கருப்பு. உடம்பெல்லாம் பலாத்தோல் மாதிரி சொரசொரப்பு. வாய் மட்டும் வயிற்றுப் பக்கம்!

இந்த வயதுக்கு இப்படி ஒரு மூஞ்சியை நான் பார்த்ததே இல்லை. (கண்ணாடியில் பார்ப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

"இதத் தின்னா நம்ம வாயும் வவுத்துக்கு வந்துரும்" என்று சொல்லி ஓடையிலேயே திரும்ப வீசிவிட்டேன்.

மறுநாள் அதே மீன், வளைவு தாண்டிக் கீழே, என் சகலை வலையில் மாட்டியது. என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர்தான் சகலை.

அவர் வீசவில்லை. பக்கெட்டில் போட்டு, படம் எடுத்து, மலை ஓடைகளில் மீன் பார்க்க வரும் காலேஜ் மேடத்துக்கு அனுப்பிவிட்டார்!

மேடம் உடனே கிளம்பி வந்துவிட்டார்.

"இது கண்ணாடித் தொட்டியில வளக்குற மீனுங்க. யாரோ கொண்டாந்து உட்ருக்காங்க. இந்த ஓடையில இதுவரைக்கும் யாரும் பாத்ததா எழுதினதே இல்ல. நீங்கதான் மொத ஆளு!"

மேடத்தின் நோட்டில் 'கண்டவர்' என்று போட்ட இடத்தில் சகலை பேர் ஏறிவிட்டது!

நான் சும்மா இருப்பேனா? கையைத் தூக்கினேன்.

"மேடம், மொதல்ல பாத்தது நானுங்க!"

"படம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"மீனாவது இருக்குதுங்களா?"

"அது... அவரு பக்கெட்ல இருக்குதுங்க."

வேடிக்கை பார்க்க நின்ற சனம் பூராவும் சிரித்தது. சகலை என் தோளில் கை போட்டார்.

"ஏனுங்க சகல, வீசறதுக்கு முன்னால எனக்கு ஒரு போனாச்சும் போட்டிருக்கலாமில்லீங்க?"

அன்றிலிருந்து செம்மேடு சந்தைக்கு மிளகு கொண்டு போனால், "மீன்காரரோட சகல வாராரு, வழி உடுங்க" என்கிறார்கள்.

வீட்டில் அதற்கு மேல்.

"என் தங்கச்சி ஊட்டுக்காரரு பேரு காலேஜ் வரைக்கும் போயிருச்சு. உங்க பேரு ரேசன் கார்டத் தாண்டுலீங்க" என்கிறாள் மனைவி.

மேடம் போகும்போது ஒரு வழி சொல்லிவிட்டுத்தான் போனார்.

"ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கும். மத்த மீனோட முட்டையத் தின்னுரும், கெடச்சா மறுபடி தண்ணியில உட்றாதீங்க. பக்கவாட்டுல ஒரு படம் எடுங்க. அளவு தெரியறதுக்குப் பக்கத்துல ஒரு பொருள் வைங்க. உங்க பேரையும் சேத்துக்கறேன்."

(சகலை வைத்தது தீப்பெட்டி. அதைக்கூட மேடம் பாராட்டினார்!)

ஐந்து நாள் விடியும் முன்னே எழுந்து ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். காட்டு வேலை அப்படியே கிடந்தது.

நேற்றுக் காலை கிடைத்தது!!

சகலை மீனைவிட ஒரு விரல் நீளம்!!!

பாறைமேல் படுக்க வைத்துவிட்டு அளவுக்குப் பொருள் தேடினேன். பீடியை விட்டு நாலு வருடம் ஆகிறது, தீப்பெட்டி இல்லை. பேனா என் சட்டையில் என்றைக்கும் இருந்ததில்லை. மிளகு இலை ஒன்றைப் பறித்து வைத்தேன், காற்று கொண்டுபோய்விட்டது.

சட்டைப்பையில் கெட்டியாக, நீட்டமாக ஒன்று தட்டுப்பட்டது. எடுத்து மீனுக்குப் பக்கத்தில் நேராக வைத்தேன்.

அளவு நன்றாகத் தெரிந்தது.

அப்புறம் படம் எடுக்கப் போனைத் தேடினேன்.

மீன் ஒரு தடவை வாலை அடித்தது.

போன் முதலில் ஓடையில் விழுந்தது. மீன் அதற்குப் பின்னால் விழுந்தது.

இந்தப் பதிவைச் சகலை போனிலிருந்து எழுதுகிறேன். எழுத்துப்பிழையும் அவர்தான் பார்த்தார்.