மாடியிலிருந்து விழுந்தவர்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் ஒரு பெண்ணை என்ன செய்தது என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் புதுப்படத்தை முதல் ஆளாகப் பார்த்துவிட்டு, வெளியே அடுத்த காட்சிக்கு நிற்பவர்களிடம் தீர்ப்புச் சொல்வது என் வழக்கம். அன்று சைதாப்பேட்டையில் மேட்னி முடிந்து வந்தவன், "படம் டப்பா! ஹீரோ மாடியிலேர்ந்து குதிக்கிறாராம், பொம்மையத் தூக்கிப் போட்டு ஏமாத்துறானுங்க" என்றேன். வரிசையே சிரித்தது.

பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் என்னிடம் வந்தாள்.

"பொம்மை இல்லண்ணா. அது என் வூட்டுக்காரு. ஹீரோவுக்கு டூப்பு போட்டாரு. அதுல வுயுந்துதான் செத்துப்பூட்டாரு."

அவள் கோபப்படவே இல்லை.

"வூட்ல அவரு போட்டோ ஒண்ணுகூட இல்ல. படத்துல மூஞ்சி தெரியுதாண்ணா?"

தெரிந்தது முதுகு மட்டும்தான். "நல்லாத் தெரியுதும்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்து, மறுபடி வரிசையில் போய் நின்றாள். கதவு திறக்குமுன்பே நான் பஸ் ஏறிவிட்டேன்.

இரக்கத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக மனதைத் தேற்றிப் பார்க்கிறேன். இரக்கப்பட்டவன் என்றால், படம் விடும்வரை அந்த வாசலில் நின்றிருப்பான்.