நுரை விடும் பூச்சி

தேயிலை விலை படுத்துவிட்ட காலம் அது. ஓவேலிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தாலே அதிகம். மருந்தடிக்கப் பணமில்லை என்று நிர்வாகமும் கையை விரித்தது. செங்கல் நிறப் புழுக்களுக்குக் கொண்டாட்டம். செடிகளை மொட்டையடித்துவிட்டு, கறுப்பில் மஞ்சள் பட்டை போட்ட அந்துப்பூச்சிகளாகிப் பட்டப்பகலிலேயே பறந்தன. அவை முட்டையிடுமுன் கையால் பிடிக்க ஆள் எடுத்தார்கள். சோறு போட்ட பூச்சியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே நிறத்தில் சின்ன வண்ணத்துப்பூச்சிகளும் செடிகளில் உட்கார்ந்திருந்தன. தேயிலையைத் தொடாத அப்பிராணிகள். பிடித்துப் போடும் டப்பாவில் அவை கிடந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதிக் கூலி.

"கொம்பு நுனியில குமிழ் இருந்தா வண்ணத்துப்பூச்சி, விட்ருங்க. சீப்புப் பல்லு மாதிரி இருந்தா அந்து, பிடிங்க" என்றார் சூப்பர்வைசர்.

சொல்வது சுலபம். என் அண்ணிக்குக் கண்ணில் புரை. அண்ணன் போனபின் இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்தவர். கொழுந்தை விரல் பழக்கத்திலேயே பறித்துவிடுவார். பூச்சியின் கொம்புக்கு எங்கே போவது? முதல் இரண்டு நாளும் அரைப் பேர். "நாளைக்கும் கலந்திருந்தா வேலைக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டார் அந்த மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணியின் டப்பாவையும் நானே பார்த்துத் தருகிறேன் என்றேன்.

"வேணாம் புள்ள. ஒன் பேரையும் கெடுத்துக்காத."

மறுநாள் காலைக் குளிரில் பூச்சிகளெல்லாம் விறைத்துக் கிடந்தன. அண்ணி ஒன்றைப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனவர், சட்டென்று கையை விலக்கினார்.

"இங்க பாரு, இது எச்சி துப்புது!"

அதன் கழுத்தில் நுரை பொங்கியிருந்தது. கொம்பைப் பார்த்தேன்: சீப்பு. அடுத்ததைப் பிடித்தார். நுரை இல்லை, விரல் காய்ந்தே இருந்தது. கொம்பில் குமிழ். இன்னும் சிலவற்றைப் பிடித்துப் பார்த்தோம். நுரைத்ததெல்லாம் அந்து, நுரைக்காததெல்லாம் வண்ணத்துப்பூச்சி. அதன்பின் அண்ணிக்கு என் துணை தேவைப்படவில்லை. மெல்லப் பிடிப்பார், காத்திருப்பார், விரல் நனையாவிட்டால் இலையிலேயே விட்டுவிடுவார். நான் மட்டும் என் கண்ணை நம்பி, கொம்பு கொம்பாகப் பார்த்துக் கண் எரிய நின்றேன்.

சாயங்காலம் அண்ணியின் டப்பாவைக் கவிழ்த்துக் கிளறினார் சூப்பர்வைசர். ஒரு வண்ணத்துப்பூச்சிகூட இல்லை. "முழுப் பேருங்க. நாளைக்கும் வாங்க" என்றார்.

பிறகு என்னுடையதைக் கவிழ்த்தார். இரண்டு கிடந்தன.

"ஏனுங்க, கண்ணு நல்லாத்தானே இருக்குது உங்களுக்கு?"

நாக்கு நுனிவரை வந்த வார்த்தை, அண்ணியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் குலுங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் போனபின் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு பீறிட்டது.

பிறகு செடிகள் துளிர்த்தன, கொழுந்து பறிக்க இருவரையுமே கூப்பிட்டார்கள். அரைப் பேர் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீடு திரும்பியது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.