நாற்பத்தாறு மீட்டர் பூமி

அன்று தறிக்கூடத்தில் இருந்தது நாலே பேர்: நான், காலேஜில் நிலவியல் படிக்கும் என் மகள், தறிக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சி, மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்த, தறியின் நீளவாக்கு நூலான பாவைப் பிணைக்கிற அக்கா. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மற்றத் தறிகள் ஓடவில்லை.

மறுநாள் காலை மகளுடைய காலேஜில் கண்காட்சி. பூமி பிறந்ததிலிருந்து இன்று வரை ஒரே துணியில் நெய்து தருகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி வருஷம். மொத்தம் நாற்பத்தாறு மீட்டர். காலத்துக்கு ஒரு நிறம். எட்டாவதோடு நின்றவள் நான். சேலை மாதிரி உடல், முந்தி என்று பிரித்துவிடலாம் என நினைத்திருந்தேன். முதல் நாற்பது மீட்டரும் வெறும் சாம்பல் நிறம் என்றாள் மகள்.

“ஏட்டி, நாப்பது மீட்டருக்கு ஒரு புழு பூச்சி கூடவா இல்ல?”

“பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உயிருதாம்மா. நீ ஓட்டு.”

வெள்ளியும் சனியும் சாம்பலிலேயே போயின. கரண்டு போய்விடுமோ, இழை அறுந்துவிடுமோ என்று தறியைவிட்டு நகரவே இல்லை. ஞாயிறு காலை, கடலில் உயிர்கள் பெருகத் தொடங்கிய கேம்பிரியனுக்கு நீலம் போட்டேன். அப்புறம் நிறத்துக்கு நிறம் குறுக்கு நூல் நாடாவை மாற்றிக் கை ஓயவில்லை! மீன் பெருகிய டெவோனியன், நிலக்கரிக் காடுகளுக்குக் கறுப்பு, பிறகு பச்சை. “எம்மா, டைனோசார் வந்துட்டு!” என்று மகள் கத்த, நானும் சேர்ந்து கத்தினேன்.

பச்சை முடியும்போது பின்னால் போய்ப் பார்த்தேன். பாவு உருளை நூல் தீர்ந்து மொட்டையாக நின்றது.

மனிதன் வர இன்னும் அறுபத்தாறு சென்டிமீட்டர் வேண்டும். தறியில் ஒரு மீட்டர் நூல் மிச்சம் நின்றாலும், பின்னால் இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லாமல் அதை நெய்ய முடியாது. வழக்கமாக அந்த மிச்ச வாலில் புதுப் பாவைப் பிணைத்து ஓட்டிவிடுவோம். அதனால் வாலைக் கழித்துக் கணக்குப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

“டைனோசாரோட நிறுத்திரு தாயி. மனுசன் வந்து என்னத்தக் கிழிச்சான்?” என்றார் அண்ணாச்சி. மகள் கண் கலங்கியதும் அவரே இறங்கி வந்தார். “புதுப் பாவு நாளைக்கு ஏத்த வேண்டியதுதான். இன்னைக்கே ஏத்திக்கோ. பிணைக்க ஆள் கூட்டியாரது உன் பாடு.”

ஓடினேன். வாசுதேவநல்லூரில் நடக்கும் ஒரு சடங்கு வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிக் கிளம்பி நின்றாள் பிணைக்கிற அக்கா. “ரெட்டைக் கூலி, சொல்லிட்டேன்” என்று அந்தப் பட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி, மனுசன நெய்யணுங்கியே, எந்த மனுசனுக்கு இந்த அவசரம்?”

“எல்லா மனுசனுக்கும்தான் அத்தை” என்றாள் மகள்.

ஒவ்வொரு இழையாக முடிச்சுப் போட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. மோட்டாரைப் போட்டேன், புதுப் பாவு பின்னால் இழுத்துப் பிடிக்க, வால் துணியாக வந்தது. கடைசியில் சிவப்பு. மனிதனுக்கு மூன்று லட்சம் வருஷம், அதாவது மூன்று மில்லிமீட்டர். மோட்டாரை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஏழெட்டு இழை விழுந்ததும் மகள் துள்ளிக் குதித்தாள்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். “இம்புட்டுத்தானா? இதுக்கா என்னைய ஞாயித்துக்கெழம தூங்க விடல?”

இரட்டைக் கூலி ஆயிரத்து இருநூறு. கையில் இருந்த எழுநூறைக் கொடுத்தேன். அக்காவுக்கு இன்னும் ஐந்நூறு ரூபாய் பாக்கி.