ஸ்ரீவராகக் குளத்தில் ஜலஸ்தம்பம்

என் கணவர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. மருத்துவாமலைச் சாமியார் ஒருவரிடம் மூச்சடக்கும் பழக்கம் கற்று வந்து, மூன்று வருஷம் தினமும் விடிகாலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நாள் நான் சாதம் பரிமாறும்போது சொன்னார்:

"ஜலஸ்தம்பம் கைகூடிடுத்து. ஞாயித்துக்கிழமை குளத்துக்குள்ள மூச்சடக்கி ஒரு நாழிகை இருக்கப்போறேன். யாரும் தொடப்படாது. தொட்டா பிராணன் போயிடும்."

எப்படியோ விஷயம் பரவிவிட்டது. ஞாயிறு காலை ஸ்ரீவராகக் குளத்துப் படி முழுக்க ஜனம். இடுப்பில் கல்லைத் துண்டால் கட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமலே இறங்கினார். தலை மறைந்தது. எல்லோரும் கைகூப்பி நாமம் சொன்னார்கள்.

கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன. பிறகு நின்றன.

"சித்திதான், சந்தேகமே இல்லை" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

நான் தண்ணீர் ஓரம்வரை இறங்கினேன். "ஏன்னா! ஏன்னா!" என்று கத்தினேன். தண்ணீர் அசையவில்லை. குளத்தில் பாசி வாருகிற மலையாளி ஒருவர் பக்கத்தில் நின்றார். அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"குதிங்கோ. தூக்குங்கோ அவரை."

"தொட்டால் தோஷம் உண்டல்லோ, அம்மா?"

"தோஷம் எனக்கு வரட்டும். போங்கோ!"

குதித்தார். என் கணவரை மேலே கொண்டுவந்தபோது முகம் நீலம் பாரித்திருந்தது. குப்புறப் போட்டு முதுகை அழுத்த, தண்ணீராகக் கக்கினார். மூச்சு வந்தது.

"மூணு வருஷத் தபஸைக் குலைச்சுட்டியே, பாவி" என்றார்கள் தெருவில். அதற்குப் பின் கிணற்றடியில் என்னோடு யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

ஒரு மாசம் கழித்து, தலை துவட்டியபடி தானாகவே சொன்னார்: "நீ கூப்பிட்டது கேட்டுது."

"கேட்டுண்டா உள்ளேயே இருந்தேள்?"

"இறங்கின உடனே பயம் வந்துடுத்து. துண்டு முடிச்சை அவுக்கப் பார்த்தேன். நனைஞ்சு இறுகிடுத்து, அவுக்க முடியலை." வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்.

நான் சொல்லவில்லை. ஆசீர்வாதம் கேட்டு வீட்டுக்கு வந்தவர்களிடம் அவர், "எனக்கு ஒண்ணும் தெரியாது, போங்கோ" என்பார். ஞானிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று விழுந்து நமஸ்கரித்துவிட்டுப் போனார்கள். போகும்போது என்னை முறைத்துப் பார்த்தார்கள். அவர் அப்போதெல்லாம் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.